தோகையின் இனிப்பைத் தண்டில் தேக்கியவர்

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறும் கமண்டல நாகநதியும் சமவெளிக்கு இறங்கியதும் கரும்பு வயல்களுக்குப் பாய்கின்றன. மழைக்காலம் முடிந்து மலையடிவாரத்தில் நடந்தால் ஒரே இடத்தில் இரண்டு பயிர்களைப் பார்க்கலாம். வரப்புக்கு உள்ளே பருத்த கரும்பு நிற்கும். வரப்புக்கு வெளியே, ஓடைக் கரையில், வெள்ளைப் பூக்கொண்டையுடன் நாணல் நிற்கும். சில ஊர்களில் இதைப் பேய்க்கரும்பு என்பார்கள். இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இரண்டின் இலைகளும் வெயிலைப் பிடித்துச் சர்க்கரை செய்கின்றன. ஆனால் ஒன்றை ஆலைக்கு அனுப்புகிறோம், மற்றதை வெட்டி எரிக்கிறோம்.

எரிக்கப்படும் அந்தப் புல்லைக் கரும்போடு சேர்த்து, இந்தியாவின் சர்க்கரைத் தொழிலையே மாற்றியவர் ஒரு தமிழர். அவர் திருவாடி சாம்பசிவ வெங்கட்ராமன். விவசாயத் துறையினர் டி.எஸ்.வெங்கட்ராமன் என்று அறிந்தவர். கரும்பு ரகங்களின் பெயரில் வரும் 'கோ' என்ற எழுத்து கோயமுத்தூரைக் குறிக்கிறது. அந்த எழுத்து உலகம் முழுவதும் பரவக் காரணமானவர் இவர். இவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், கரும்பின் இனிப்பு எங்கே பிறந்து எந்த வழியாகத் தண்டுக்குப் போகிறது என்பதும் புரியும்.

இறக்குமதிச் சர்க்கரையின் காலம்

வெங்கட்ராமன் 1884 ஜூன் 15 அன்று பிறந்தார். அவர் படித்து வேலைக்கு வந்த காலத்தில், கரும்பைத் தொன்றுதொட்டுப் பயிரிட்ட இந்தியாவின் சந்தைகளில் ஜாவாத் தீவின் வெள்ளைச் சர்க்கரை குவிந்து கிடந்தது. இந்தியக் கரும்பு பரப்பில் பெரியதாக இருந்தாலும் விளைச்சலில் மிகப் பின்தங்கியிருந்தது. நாட்டின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதி வட இந்தியாவில் இருந்தது. அங்கே கட்டா, சரேத்தா, சுன்னி போன்ற மெலிந்த நாட்டுக் கரும்புகளே பயிரிடப்பட்டன. குளிரையும் வறட்சியையும் தாங்கும் அந்தக் கரும்புகளில் சாறு குறைவு, எடையும் குறைவு. தெற்கில் பயிரான பருத்த கரும்பை வடக்கே கொண்டுபோய் நட்டால் அங்கத்திய குளிரில் அது தேறவில்லை.

புது ரகம் உருவாக்க வேண்டுமானால் கரும்பு பூத்து விதை பிடிக்க வேண்டும். கரும்பின் விதை முளைக்கும் என்பதையே அறிவியல் உலகம் 1888-க்குப் பிறகுதான் உறுதியாக ஏற்றது. ஜாவாவிலும் பார்படோஸ் தீவிலும் அது நிரூபிக்கப்பட்டது. வட இந்தியாவின் தட்பவெப்பத்தில் கரும்பு சரியாகப் பூப்பதில்லை. கோயமுத்தூரிலோ கரும்பு பூக்கிறது, முளைக்கும் விதையும் பிடிக்கிறது. அதனால் 1912-ல் கோயமுத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. வட இந்திய உழவருக்கான கரும்பைத் தமிழ் மண்ணில் உருவாக்குவதே அதன் முதல் வேலை.

அதன் பொறுப்பை ஏற்றவர் சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர். சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளராக இருந்தவர். ஜவ்வாது மலை மக்களுக்கு நன்கு தெரிந்த சந்தன மரத்தைப் பற்றி இவர் செய்த ஆய்வு முக்கியமானது. சந்தன மரத்தின் வேர், பக்கத்து மரஞ்செடிகளின் வேரில் உறிஞ்சுமுனைகளைப் பதித்து நீரும் சத்தும் எடுத்துக்கொள்கிறது. அந்த உறிஞ்சுமுனையின் அமைப்பை நுணுக்கமாக ஆராய்ந்து எழுதியவர் பார்பர். ஒரு தாவரத்துக்குள் உணவு எந்தப் பாதையில் போகிறது என்பதைப் பார்த்துப் பழகிய கண்களோடு அவர் கரும்புக்கு வந்தார். அவருக்கு உதவியாளராக வந்தவர்தான் 28 வயது வெங்கட்ராமன்.

புல்லும் கரும்பும்

இருவரும் செய்த வேலை பொறுமையைச் சோதிப்பது. கரும்பின் பூங்கொத்தில் ஆயிரக்கணக்கான சிறு பூக்கள் இருக்கும். விதையோ தூசு போன்றது. விதைத்து வரும் நாற்று முதலில் புல்லைப் போலத்தான் இருக்கும். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த நாற்றுகளில் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஆயிரக்கணக்கில் வளர்த்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, சாறு எடுத்து அளந்து, பெரும்பாலானவற்றைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது சிலவே.

பருத்த, இனிப்பான 'வெள்ளை' என்ற கரும்பைத் தாயாகவும், கோயமுத்தூர்ப் பகுதி நாணலைத் தந்தையாகவும் வைத்து ஒரு கலப்பு செய்யப்பட்டது. காட்டுப் புல்லின் மகரந்தத்தைக் கரும்பில் சேர்த்தால் இனிப்பு கெட்டுவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நாணலின் தண்டு நார் நிறைந்தது, இனிப்பு சொற்பம். ஆனால் அதன் வேர் ஆழம் போகும். வறட்சி, நீர்த்தேக்கம், குளிர், நோய் ஆகியவற்றைத் தாங்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். வடக்கு உழவருக்குத் தேவைப்பட்டது அந்த உரம்தான்.

அந்தக் கலப்பில் பிறந்ததுதான் கோ 205. 1918-ல் பஞ்சாப் பகுதிக்கு வெளியிடப்பட்டது. அங்கே இருந்த கட்டாக் கரும்பை விட மிக அதிக விளைச்சல் கொடுத்தது. காட்டுக் கரும்பை நேரடியாகக் கலந்து, வணிக அளவில் வெற்றி கண்ட முன்னோடி ரகமாக இது உலகக் கரும்பு வரலாற்றில் இடம்பெற்றது.

இனிப்பு ஏன் கெட்டுப்போகவில்லை? இதற்கான ஒரு காரணம் பின்னால் தெரியவந்தது. இயல்பாகத் தாயும் தந்தையும் தங்கள் குரோமோசோம்களில் பாதிப் பாதியைப் பிள்ளைக்குக் கொடுக்கும். பருத்த கரும்பு தாயாக இருந்து நாணல் தந்தையாக இருக்கும்போது, தாய் தன் 80 குரோமோசோம்களையும் முழுதாகக் கொடுத்துவிடுகிறது. நாணல் மட்டும் பாதி கொடுக்கிறது. அதனால் பிள்ளையிடம் கரும்பின் குணம் தூக்கலாகவும் நாணலின் உரம் அளவாகவும் இருக்கிறது. ஜாவாவில் பிரெமர் என்ற ஆய்வாளர் 1920-களில் இதைக் கண்டறிந்தார். கோயமுத்தூர்க்காரர்கள் கண்ணாலும் நாக்காலும் சாறு அளவியாலும் தேர்ந்தெடுத்ததற்கு இப்படி ஒரு விளக்கம் பிறகு கிடைத்தது.

பார்பர் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பி, கேம்பிரிட்ஜில் வெப்பமண்டல விவசாயம் கற்பித்தார். வட இந்தியாவின் மெலிந்த கரும்பினத்துக்கு அறிவியல் பெயர் வைத்தபோது ஜாவாவின் ஜெஸ்வீட் என்ற ஆய்வாளர் பார்பரின் பெயரையே சூட்டினார். கோயமுத்தூர் நிலையத்தின் பொறுப்பு வெங்கட்ராமனிடம் வந்தது. 1942 வரை அவர் அங்கேயே இருந்தார். 30 ஆண்டுகள், ஒரே ஊர், ஒரே பயிர்.

இலையிலிருந்து தண்டுக்கு

அவர் தேர்ந்தெடுத்த குணம் என்ன என்பதைப் புரிந்துகொள்ள, கரும்புக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

கரும்புத் தண்டு சர்க்கரை செய்வதில்லை. ஆலையும் செய்வதில்லை. சர்க்கரை செய்வது தோகை. காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் அனுப்பும் நீரையும் கொண்டு, வெயிலின் சக்தியால், பச்சைத் தோகை அதைத் தயாரிக்கிறது. நாம் கடையில் வாங்கும் அதே சுக்ரோஸ்தான் தோகையில் பிறந்து கீழே பயணிக்கிறது. ஆலை செய்வது அதைப் பிரித்தெடுப்பது மட்டுமே.

செடிக்குள் இரண்டு குழாய்ப் பாதைகள் உண்டு. வேரிலிருந்து நீரையும் உப்புச் சத்துகளையும் மேலே கொண்டுபோவது சைலம். இலை சமைத்த உணவைத் தேவைப்படும் இடத்துக்கெல்லாம் கொண்டுபோவது புளோயம். மரங்களில் புளோயம் பட்டையோடு ஒட்டி இருக்கிறது. மரத்தைச் சாகடிக்க நினைப்பவர் அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்துவிடுவதை மலையில் பலரும் பார்த்திருப்பார்கள். இலைகள் உடனே வாடுவதில்லை, ஏனெனில் சைலம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஆனால் இலையின் சர்க்கரை வேருக்கு இறங்க வழியில்லை. வளையத்துக்கு மேலே பட்டை தடித்துப் புடைக்கும், கீழே வேர் பட்டினி கிடக்கும், நாளடைவில் மரம் பட்டுப்போகும். கொய்யாவிலும் மாதுளையிலும் விண்பதியன் போடும்போது நாம் பட்டையை வளையமாக எடுப்பதும் இதே தத்துவத்தில்தான். இறங்கி வரும் சர்க்கரையும் வேர்விடத் தூண்டும் பொருளும் அங்கே தேங்குவதால் வேர் பிடிக்கிறது.

கரும்பு புல்லினம். அதற்குத் தனிப் பட்டை இல்லை. தண்டைக் குறுக்கே வெட்டினால் சோற்றுப் பகுதியில் புள்ளி புள்ளியாகத் தெரிபவை குழாய்க் கற்றைகள். ஒவ்வொன்றிலும் சைலமும் புளோயமும் சேர்ந்தே இருக்கின்றன.

சர்க்கரை எந்த விசையால் நகர்கிறது? ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் முன்ச் 1930 வாக்கில் சொன்ன விளக்கம் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. தோகையில் சர்க்கரை புளோயக் குழாய்க்குள் ஏற்றப்படும்போது அங்கே கரைசல் அடர்த்தியாகிறது. அடர்த்தி கூடினால் பக்கத்துச் சைலத்திலிருந்து நீர் உள்ளே புகும். நீர் புகுந்ததும் அழுத்தம் ஏறும். மறுமுனையில் தண்டோ வேரோ குருத்தோ சர்க்கரையை இறக்கிக்கொள்வதால் அங்கே அழுத்தம் குறையும். மேட்டுவாய்க்காலில் நீர் நிறைந்து பள்ளத்து மடை திறந்திருந்தால் ஓட்டம் நிற்காமல் இருப்பதுபோல, அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் சர்க்கரைக் கரைசல் ஓடுகிறது. ஹவாய்த் தீவில் கான்ஸ்டன்ஸ் ஹார்ட் என்ற பெண் விஞ்ஞானி, கதிரியக்கக் கரிமத்தைத் தோகைக்குக் கொடுத்து, அது கரும்புக்குள் போகும் பாதையைத் தொடர்ந்து அளந்தார். சர்க்கரை தண்டில் மணிக்கு ஒரு மீட்டர் என்ற அளவை ஒட்டி நகரக்கூடியது என்பது இத்தகைய ஆய்வுகளில் தெரிந்தது.

இங்கேதான் நாணலும் கரும்பும் பிரிகின்றன. நாணலின் இலை சர்க்கரை செய்வதில் கரும்பின் தோகைக்குச் சளைத்ததல்ல. சில காட்டு வகைகள் கரும்பை மிஞ்சவும் செய்கின்றன. வேறுபாடு சர்க்கரை இறங்கும் இடத்தில் இருக்கிறது. நாணலின் தண்டு வந்த சர்க்கரையை நாராகவும் புதுக் கிளைகளாகவும் தரைக்கடியில் ஓடும் தண்டாகவும் செலவழித்துவிடுகிறது. கரும்பின் கணுவிடையோ அதைச் சோற்றணுக்களின் உள்ளறைகளில் அப்படியே தேக்கி வைக்கிறது. நாணலிடம் வரவு இருக்கிறது, சேமிப்பு இல்லை. வெங்கட்ராமனின் நிலையம் ஆயிரமாயிரம் நாற்றுகளில் தேடியது, நாணலின் உழைப்பையும் கரும்பின் சேமிப்பையும் ஒருசேரக் கொண்ட செடியைத்தான். முன்சின் விளக்கம் வருவதற்கு முன்பே அந்தத் தேடல் பலன் கொடுத்துவிட்டது.

சாமை பயிரிடும் மலை உழவருக்கும் இது பொருந்தும். சாமையில் பால் ஏறும் நாட்களில் மேல் இலைகளின் சர்க்கரை கதிருக்குப் போய் மாவாகிறது. அப்போது மேல் இலைகள் பூச்சியாலோ நோயாலோ கெட்டால் மணி சாவியாகும்.

உலகம் சுற்றிய கோவைக் கரும்பு

கோ 205-க்குப் பிறகு வரிசையாக ரகங்கள் வந்தன. கோ 213 பீகாரில் பரவியது. கோ 312, கோ 313 ஆகியவை வடக்கே நெடுங்காலம் நின்றன. வெப்பப் பகுதிகளுக்கு கோ 419 வந்தது. ஜாவாவின் புகழ்பெற்ற பி.ஓ.ஜே. 2878 ரகத்தோடு கோ 290-ஐச் சேர்த்து உருவாக்கப்பட்ட இந்த ரகம், தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் பல பத்தாண்டுகள் விவசாயிகளின் நம்பிக்கையைப் பெற்றிருந்தது. வயதான கரும்பு விவசாயிகள் இன்றும் அந்த எண்ணை நினைவு வைத்திருப்பார்கள்.

1920-களில் அமெரிக்காவின் லூசியானாவில் தேமல் நோயால் கரும்புத் தொழில் நிலைகுலைந்தது. அதை மீட்ட ரகங்களில் கோ 281, கோ 290 இரண்டும் உண்டு. தென்னாப்பிரிக்காவிலும் கோவைக் கரும்புகள் பயிராகின. கோவையில் செய்த கலப்பின் விதை தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்குப் போய், அங்கே நாற்றாகி, என்.கோ. 310 என்ற பெயரில் 1940-களில் வெளிவந்தது. அது தைவான் உட்படப் பல நாடுகளில் பெரும் பரப்பைப் பிடித்தது. பெயரில் நட்டாலும் கோயமுத்தூரும் சேர்ந்தே இருக்கின்றன.

உள்நாட்டில் 1932-ல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு வரிச் சட்டம் வந்தது. அதற்கு முன் சுமார் 30 ஆலைகள் இருந்த நாட்டில், ஐந்தே ஆண்டுகளில் எண்ணிக்கை 130-ஐத் தாண்டியது. வரி மட்டும் இருந்து அரைக்கத் தகுந்த கரும்பு இல்லாமல் போயிருந்தால் இந்த வளர்ச்சி நடந்திருக்காது. கோவை ரகங்கள் வயலில் தயாராக இருந்தன. ஜாவாச் சர்க்கரையை நம்பியிருந்த நாடு தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தது.

வெங்கட்ராமன் அதோடு நிற்கவில்லை. கரும்பு வயலில் ஓராண்டு நிற்கிறது, சோளம் நான்கு மாதத்தில் முடிகிறது. இரண்டையும் சேர்த்தால் சீக்கிரம் முதிரும் கரும்பு கிடைக்காதா என்று 1930 வாக்கில் கரும்பைச் சோளத்தோடு கலந்தார். பிறகு மூங்கிலோடும் கலக்க முயன்றார். இவை உழவரிடம் பெரிய அளவில் பரவவில்லை. ஆனால் புல்லினங்களுக்கு இடையிலான உறவு எவ்வளவு நெருக்கமானது என்று உலக ஆய்வாளர்களை யோசிக்க வைத்தன. கரும்பின் வேர் மண்ணுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதையும் எளிய கருவிகள் கொண்டு ஆராய்ந்தார்.

ஜானகி அம்மாளின் பங்கு

இன்று சமூக ஊடகங்களில் இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவர் ஜானகி அம்மாள் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தலசேரியில் பிறந்த இ.கே.ஜானகி அம்மாள் பெரும் விஞ்ஞானி என்பதில் ஐயமில்லை. அவர் கோவை நிலையத்தில் சேர்ந்தது 1934-ல். கோ 205 வெளியாகி அப்போது 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜானகி அம்மாள் செய்தது வேறு வகையான, அதே அளவு அருமையான வேலை. கரும்பு, நாணல், அவற்றின் உறவினங்கள் ஆகியவற்றின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பிறந்த செடிகளைப் பற்றி எழுதினார். எந்தக் கலப்பு ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்பதை விளக்க இந்த அறிவு தேவை. இருவருக்கும் உரிய இடத்தை இருவருக்கும் கொடுப்பதே நேர்மை. பயிர் ஆராய்ச்சியில் ஒரு ரகம் ஒருவரால் மட்டும் வருவதில்லை. மகரந்தம் தூவியவர், நாற்றுக்கு நீர் ஊற்றியவர், சாறு பிழிந்து அளந்தவர் எல்லாருடைய கையும் அதில் இருக்கிறது.

கிராமத்தைப் பற்றிய கவலை

1937-ல் ஹைதராபாத்தில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்கு வெங்கட்ராமன் தலைமை வகித்தார். நாட்டின் முன்னணி விஞ்ஞானிகள் கூடிய அந்த அவையில் அவர் தலைமையுரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் கரும்பு அல்ல. இந்தியக் கிராமத்தின் நேற்று, இன்று, நாளை பற்றிப் பேசினார். ஆய்வு நிலையத்தில் பிறக்கும் அறிவு கிராமத்துக்குப் போய்ச் சேராவிட்டால் பயனில்லை என்பதை அவருடைய ரகங்களின் வரலாறே காட்டியிருந்தது. ஆங்கில அரசு அவருக்கு ராவ் பகதூர், சி.ஐ.இ., சர் ஆகிய பட்டங்களை அளித்தது. சுதந்திர இந்தியா 1956-ல் பத்மபூஷண் அளித்தது. 1963 ஜனவரி 18 அன்று அவர் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற நிலையம் இன்று இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் கரும்பு இனப்பெருக்க நிறுவனமாக இயங்குகிறது. தமிழ்நாட்டில் இப்போது பெரும் பரப்பில் நிற்கும் கோ 86032 அங்கே உருவானதுதான். குடியாத்தம் அருகே மேலாலத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஜவ்வாது அடிவார விவசாயிகள் தங்கள் மண்ணுக்கு ஏற்ற ரகம் பற்றி அங்கே கேட்டறியலாம்.

நம் வயலில் சர்க்கரை எங்கே தடைபடுகிறது?

நல்ல ரகத்தை நட்டாலும், தோகையிலிருந்து கணுவிடைக்குப் போகும் வழியில் சர்க்கரை பல இடங்களில் வீணாகிறது. 100 டன் கரும்பில் சர்க்கரைக் கட்டுமானம் 9 சதவீதம் என்றால் 9 டன் சர்க்கரை. 10 சதவீதம் என்றால் 10 டன். அந்த ஒரு டன்னுக்குக் கூடுதல் நிலமோ கூடுதல் நீரோ தேவையில்லை. மத்திய அரசு அறிவிக்கும் கரும்பு விலையும் கட்டுமானத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. ஆனால் கட்டுமானம் ஆலை முழுவதற்கும் சேர்த்தே கணக்கிடப்படுவதால், ஒருவர் மட்டும் கவனித்தால் பலன் முழுதாகக் கைக்கு வராது. ஆலைப் பகுதி விவசாயிகள் சேர்ந்து கவனிக்க வேண்டிய விஷயம் இது. வெல்லம் காய்ச்சுவோருக்கு மட்டும் பலன் நேரடியாகக் கொப்பரையிலேயே தெரிந்துவிடும்.

தழைச்சத்தைக் காலம் கடந்து போடக் கூடாது. நட்ட 30, 60, 90-ம் நாட்களில் பிரித்துப் போட்டு முடித்துவிட வேண்டும். தாமதமாகப் போட்டால் கரும்பு மறுபடியும் தளிர்க்கும். அடியில் புதுக் கிளைப்புகள் வெடிக்கும். கணுவிடைக்குப் போக வேண்டிய சர்க்கரை அந்தத் தளிர்களுக்குத் திரும்பிவிடும். அப்படிப்பட்ட வயலில் நம் கரும்பு நாணலைப் போல நடந்துகொள்கிறது என்றே சொல்லலாம்.

சாம்பல் சத்தைக் குறைக்கக் கூடாது. யூரியா தெரிகிற அளவுக்குப் பொட்டாஷின் பலன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். தோகையில் சர்க்கரை புளோயத்துக்குள் ஏறவும் அங்கிருந்து ஓடவும் பொட்டாசியம் அவசியம். அது குறைந்தால் தோகையில் செய்த சரக்கு தோகையிலேயே தங்கும். மண் பரிசோதனை செய்து பரிந்துரைத்த அளவைப் போட வேண்டும்.

ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் சோகை உரிக்கலாம். காய்ந்த சோகையால் சர்க்கரை வரவு இல்லை, பூச்சிக்கு மறைவிடம் மட்டுமே. ஆனால் பச்சைத் தோகையைக் கால்நடைத் தீவனத்துக்காக உரிப்பது சமையலறையையே பூட்டுவதற்குச் சமம். கரும்பு சாய்ந்தால் தோகைகள் ஒன்றன்மேல் ஒன்று மூடி வெயில் குறையும், தண்டு முறிந்தால் குழாய்களும் முறியும். அதனால் மண் அணைப்பதும் விட்டம் கட்டுவதும் வெறும் ஒழுங்குக்காக அல்ல.

புளோயத்தைக் குறிவைக்கும் எதிரிகளும் உண்டு. வெள்ளைக் கம்பளி அசுவினி தோகையின் அடியில் கூட்டமாக அமர்ந்து நேராகப் புளோயச் சாற்றையே உறிஞ்சுகிறது. அது கழிக்கும் தேன்போன்ற திரவம் கீழ்த்தோகையில் படிந்து கரும்பூஞ்சை படரும். அந்தத் திரவமும் நம் கரும்பின் சர்க்கரைதான். புல்தண்டு நோயை உண்டாக்கும் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் புளோயத்துக்குள்ளேயே வாழ்கிறது. தூர் முழுவதும் மெலிந்த, வெளிறிய கிளைகள் புல்போல வந்தால் அதைப் பிடுங்கி அழிக்க வேண்டும். அந்தத் தூரிலிருந்து கரணையும் எடுக்கக் கூடாது, மறுதாம்பும் விடக் கூடாது.

விதைக் கரணைக்கு ஆறு முதல் எட்டு மாத வயதுள்ள, நோயற்ற கரும்பே ஏற்றது. நட்ட கரணையில் ஓட்டம் எதிர்த்திசையில் நடக்கிறது. தண்டில் உள்ள சர்க்கரை கரைந்து பருவுக்குப் போய் முளையை வளர்க்கிறது. இளம் கரும்பில் எளிய சர்க்கரையும் ஈரமும் அதிகம் என்பதால் முளைப்பு சீராக இருக்கும்.

முதிர்ச்சி அடியிலிருந்து மேல்நோக்கி ஏறும். கைப் பிரிக்ஸ் மானியால் அடிக்கணுவிலும் மேல்கணுவிலும் சாற்றைப் பார்க்கலாம். இரண்டு அளவும் நெருங்கி வந்தால் வெட்டத் தயார். வெட்டுவதற்கு முன் நீர்ப்பாய்ச்சும் இடைவெளியைக் கூட்டி, கடைசிப் பத்து, பதினைந்து நாட்கள் நீரை நிறுத்தினால் வளர்ச்சி அடங்கிச் சர்க்கரை தேங்கும். இனிப்பு அதிகம் உள்ள அடிப்பகுதி நிலத்தில் தங்காமல் தரையோடு வெட்ட வேண்டும். நுனிக் கொழுந்து இன்னும் வளரும் பகுதி, அதில் சர்க்கரை குறைவு, அதை நீக்கி அனுப்ப வேண்டும். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைவைக்குப் போகாவிட்டால் தேக்கிய சுக்ரோஸ் உடைந்து எடையும் கட்டுமானமும் சேர்ந்து குறையும். இதில் விவசாயி மட்டும் பொறுப்பல்ல. வெட்டு ஆணையையும் வண்டியையும் குறித்த நாளில் கொடுக்க வேண்டியது ஆலையின் கடமை.

ஓடைக்கரை நாணல்

கரும்புக்கு வரும் செவ்வழுகல் போன்ற நோய்கள் பழைய ரகங்களை ஒவ்வொன்றாகச் சாய்த்திருக்கின்றன. ஒரே ரகம் பெரும் பரப்பில் நிற்கும்போது இந்த ஆபத்து இன்னும் அதிகம். வடக்கே பெரும் பரப்பைப் பிடித்த கோ 0238 அண்மை ஆண்டுகளில் செவ்வழுகலிடம் பட்ட அடி இதற்கு எடுத்துக்காட்டு. ஒவ்வொரு முறையும் புது ரகம் தேடும் ஆய்வாளர்கள் திரும்பிப் போகும் இடங்களில் ஒன்று காட்டு நாணல். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நாணல் வகைகள் சேகரிக்கப்பட்டு கோயமுத்தூரில் பாதுகாக்கப்படுகின்றன. இருந்தாலும் ஆற்றங்கரையிலும் மலை ஓடையிலும் தன்னிச்சையாக வளரும் நாணல், மாறிவரும் வெயிலுக்கும் வறட்சிக்கும் நோய்க்கும் தன்னைத் தானே பழக்கிக்கொண்டே இருக்கிறது. சேகரிப்பில் வைத்த செடிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வயலுக்குள் நுழையும் நாணலைக் களையாக நினைத்து எடுப்பதில் தவறில்லை. ஆனால் ஓடைக்கரையில் மண்ணைப் பிடித்து நிற்கும் நாணலை எரித்து அழிக்கத் தேவையில்லை. கரை அரிப்பைத் தடுப்பதற்காகவே அதை விட்டுவைக்கலாம். கோ 205-க்குத் தந்தையானது கோயமுத்தூர்ப் பகுதியில் வளர்ந்த இப்படிப்பட்ட ஒரு நாணல்தான்.